பகலில் தூங்குகிற மாப்பிள்ளை

ஜன்னலுக்கு வெளியே யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன். தலை வரைக்கும் போர்வை, இரண்டு காதிலும் பஞ்சு. வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னலில் அம்மாவின் பழைய அரக்குப் புடவையை நான்காக மடித்துக் கட்டியிருந்தேன். வெளியே உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த மார்கழி வெயில். சுடாது, ஆனால் வெளிச்சத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

“குமரேசன் வீடு இதுதானே?” என்றது ஓர் ஆண் குரல்.

“இதுதேன். அவரு தூங்குறாருல்ல!” என்றது எதிர்வீட்டு பாக்கியம் மதினியின் குரல்.

மீட்டர் பார்க்க வந்தவர்கள், இல்லாவிட்டால் கேபிள்காரர்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். அதற்குப் பிறகு மதினி பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் போர்வையோடு தெருவுக்கு ஓடியிருப்பேன். என் கல்யாணம் அந்த நிமிஷம் எங்கள் வாசலில் வைத்து முறிந்துகொண்டிருந்தது. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

முழு நைட்

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், “மில்லுக்குள்ள வேலைக்குப் போனன்னு எழுதுன, வெளிய வரவே இல்லையேப்பா” என்று கேட்டார். இதோ, வருகிறேன்.

சின்னமனூர்ப் பக்கம் அந்த நூல் மில்லில் மூன்று ஷிப்ட். பகல், அரை நைட், முழு நைட். அரை நைட்காரன் நடுச்சாமத்தில் வீட்டுக்குப் போய்விடுவான். முழு நைட்காரன் அவன் விட்ட இடத்தில் பிடித்து, விடிய விடிய நிற்பான். நான் பகல் ஷிப்ட் சூப்பர்வைசராகத்தான் சேர்ந்தேன். தீபாவளி முடிந்த கையோடு மானேஜர் கூப்பிட்டு, முழு நைட் பார்த்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார், கொஞ்ச மாதங்களுக்கு நீ பார்த்துக்கொள் என்றார். தலையாட்டிவிட்டேன். திருவிழாவுக்கு விடிய விடிய முழிக்கவில்லையா, இதென்ன பெரிய விஷயம் என்று ஒரு தெனாவெட்டு.

முழித்திருப்பது கஷ்டமே இல்லை. பகலில் தூங்குவதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

குளிர்காலத்தில் நூல் மில்லைப் போலச் சுகமான இடம் கிடையாது. நூல் அறுந்துவிடக் கூடாது என்று உள்ளே எப்போதும் வெதுவெதுப்பும் ஈரமுமாக வைத்திருப்பார்கள். தை வரைக்கும் எனக்கு ராத்திரியில் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாம் சேர்த்து வைத்து விடியக்காலையில் கிடைக்கும். வேர்த்த சட்டையோடு வெளியே வந்தால் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று முதுகைப் பிடிக்கும். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். மில் கேட்டில் பால் ஊற்றுகிறவர் தினமும், “என்ன தம்பி, ஒரே ராத்திரியில நரச்சுப்போச்சு” என்பார். தினமும் அதே பேச்சு, தினமும் நான் சிரிப்பேன்.

அங்கிருந்து பைக்கில் எங்கள் ஊர் கோம்பைக்கு. ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா. சபரிமலைக்குப் போகிற வேன்கள் எதிரும் புதிருமாகப் பனிக்குள்ளிருந்து வரும். டீக்கடைகளில் கறுப்பு வேட்டிக் கூட்டம். அவர்களுக்கு நாள் தொடங்கும், எனக்கு முடியும்.

கோம்பை நாயைப் பற்றி வெளியூரில் பெருமையாகப் பேசுவார்கள். பாக்கியம் மதினி வீட்டில் ஒன்று உண்டு. செவலை நிறம், கறுத்த மூஞ்சி. குட்டியிலிருந்து என் கையால் பிஸ்கட் தின்ற நாய். அது குல்லா போட்ட என்னைத் தெருவுக்குள் விடாது. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அந்தக் குளிரில் குல்லாவைக் கழற்றி, மூஞ்சியைக் காட்டி, நான்தான் என்று அதை ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். மில் கேட்டில்கூட என்னை இவ்வளவு சோதித்தது இல்லை.

தெருவில் பெண்கள் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் காப்பி குடிக்கிற நேரத்தில் நான் சோறும் குழம்பும் சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கறிச்சோறு. அந்த வாசனைக்குத் தெருவே ஒரு தரம் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்கும்.

படுத்தால் தூக்கம் வராது. கோயில் மைக் ஓயும்போது உப்பு வண்டி மைக் தொடங்கும். அது போனால் பழைய இரும்புக்காரர். அவருக்குப் பின்னால் குக்கர் ரிப்பேர். முதல் பத்து நாள் நான் மனிதனாகவே இல்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பல் விளக்கிய பிறகுதான் அது ஷேவிங் கிரீம் என்று தெரிந்தது.

பிறகு அம்மா களத்தில் இறங்கினாள். அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். சனிக்கிழமை இறங்கி ஞாயிற்றுக்கிழமை ஏறிவிடுவார். அதனால் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அவள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிற வண்டிக்காரர்களையெல்லாம் கையைக் காட்டி மைக்கை நிறுத்தச் சொன்னாள். உப்பு வண்டி எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் வாயை மூடி, இரண்டு வீடு தாண்டி வாயைத் திறக்கும். அந்த நடு வீட்டுக்காரர்கள் உப்பு வாங்க ஓட வேண்டியிருந்தது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் தெரு அப்படி. அந்த நல்ல மனசுதான் என்னைக் கவிழ்த்தது.

அம்மா வாங்கிய வாக்கு

எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த இடம், நைட் ஷிப்ட் என்று கேட்டதும் பின்வாங்கியது. “ராத்திரியில எம் பொண்ணு தனியா கெடக்கணுமாக்கும்?” என்று கேட்டார் பெண்ணின் அப்பா. இரண்டாவது இடத்தில் கேள்விகூடக் கேட்கவில்லை, அப்படியே பேச்சை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவதாக அம்மாவின் தம்பி சொக்கர் மாமா பண்ணைப்புரத்தில் ஓர் இடம் கொண்டுவந்தார். பெண் பெயர் சங்கீதா. கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை, காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்களாம். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார் மாமா. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒரு முகம். எதற்குச் சிரிப்பு வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. மில்லில் டீ இடைவேளைக்கெல்லாம் போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இந்த இடம் அமைய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

இந்தத் தடவை அம்மா விடுவதாக இல்லை. மாமாவிடம், “மில்லுல சூப்பர்வைசரு, பகல் வேலைன்னு மட்டும் சொல்லு. கல்யாணம் முடியறதுக்குள்ள ஷிப்ட மாத்திக்கிருவான்” என்றாள். அத்தோடு நிற்காமல் தெருவில் வீடு வீடாகப் போனாள். எதிர்வீட்டு மதினி, முக்கு டீக்கடை காதர் பாய், ஒருவர் பாக்கியில்லை.

“யாரு வந்து கேட்டாலும் நைட்டு ஷிப்ட்டுன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீக. எம் புள்ள வாழ்க்கை ஒங்க கையிலதேன் இருக்கு.”

எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள்.

விசாரிக்க வந்தவர்கள்

மார்கழியில் எங்கள் பக்கம் பெண் பார்க்க மாட்டார்கள், தட்டு மாற்ற மாட்டார்கள். அதற்காகச் சும்மாவும் இருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் தெருவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் விசாரிப்பதற்கு அந்த மாதம் தோது. தோப்பு விலைக்கு வருகிறதா, மாடு விலைக்கு இருக்கிறதா என்று பேச்சைத் தொடங்குவார்கள். பளிச்சென்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாடு பிடிக்க யாரும் வர மாட்டார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது வந்தவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் மாட்டில் தொடங்கித்தான் மாப்பிள்ளைக்கு வர வேண்டும்.

அன்றைக்கு வந்தவர்கள் சங்கீதாவின் பெரியப்பாவும் அவருடைய சிநேகிதர் ஒருவரும். நான் தூங்கியதால் நடந்ததைப் பின்னால் காதர் பாயிடமும் மதினியிடமும் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் டீக்கடை. பாய் என்னைத் தங்கம் என்றார், வைரம் என்றார். வேலைக்குப் போகிறாரா என்று பெரியப்பா கேட்டார்.

“ஒரு நா லீவு போட மாட்டாப்ல.”

“காலைல எத்தன மணிக்குப் போவாரு?”

பாய் டீயை ஆற்றத் தொடங்கினார். ஆற்றினார், ஆற்றினார், நுரை டம்ளரைத் தாண்டும்வரைக்கும் ஆற்றினார். கடைசியில், “காலையில அவரு போயி நான் பாத்ததில்லைங்க” என்றார். மனுஷர் ஐந்து வேளை தொழுகிறவர், பொய் சொல்ல வரவில்லை.

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மதினி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“இந்நேரம் தூங்குறாருன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தேன் இருக்காரு. தெனமும் இந்நேரம் தூங்குறதுதேன்.”

“அப்ப ராத்திரியில?”

“ராத்திரியில வீட்டுல தங்க மாட்டாரு.”

“எங்க போவாரு?”

மதினிக்கு அப்போதுதான் வாக்கு ஞாபகம் வந்தது.

“அத மட்டும் நான் சொல்ல மாட்டேன். அவுக அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து, எங்கே இந்த இடம் கைநழுவிவிடுமோ என்று மதினிக்குப் பயம் வந்திருக்கிறது. என்னைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று அவராகவே மேலும் சொன்னார்.

“ரொம்ப அமைதியான புள்ள. விடியக்காலையில கண்ணு செவசெவன்னு வருவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. தள்ளாடிக்கிட்டே வந்து படுத்துருவாரு. தெருவுல யாருக்கும் ஒரு எடஞ்சல் கெடையாது. அவுக அம்மாதேன் பாவம், இவரு தூக்கம் கெடக் கூடாதுன்னு வாசல்லயே காவல் இருப்பாக.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். சாயங்காலம் நான் எழுந்ததும் மதினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெருமையாகச் சொன்னார். “கொமரேசா, பண்ணைப்புரத்துல இருந்து வந்தாக. துருவித் துருவிக் கேட்டாக. நைட்டு ஷிப்ட்டுங்கிற வார்த்த என் வாயில இருந்து வரல, பாத்துக்க!”

ஜாதகத்தில் சின்ன இடைஞ்சல்

இரண்டு நாளில் சொக்கர் மாமாவுக்குப் போன் வந்தது. ஜாதகத்தில் ஒரு சின்ன இடைஞ்சலாம், இப்போதைக்கு வேண்டாமாம். மாமா விவரமானவர். வேறு ஆள் மூலமாகத் தோண்டி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்.

“அக்கா, மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கமாம். ராத்திரியானா எங்கயோ போயிர்றானாம். அத மறைக்கத் தெருவே ஒத்துமையா நிக்குதாம்.”

அம்மா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்தாள், செருப்பை மாட்டினாள், பண்ணைப்புரத்துக்கு நேரே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தெருமுனை வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். போய் என்ன சொல்வது? குடிகாரன் இல்லை, நைட் ஷிப்ட்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனது அதனால்தானே. மகன் குடிகாரன் என்று பெயர் எடுப்பது மேலா, நைட் ஷிப்ட் என்று பெயர் எடுப்பது மேலா என்று அன்றைக்கு முழுக்க அம்மா யோசித்தாள். அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாழ்க்கையில் ஒரு பீர்கூடக் குடித்ததில்லை. அன்று ராத்திரி டீ இடைவேளையில் அந்தப் போட்டோவை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். அழிக்க மனசு வரவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

பின்னாடி என்ன சத்தம்?

மார்கழி கடைசி. ஷிப்டில் பாதி போயிருக்கும். போன் அடித்தது. தெரியாத நம்பர். இந்நேரத்தில் யார், அப்பாவுக்குத் தோட்டத்தில் ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறி உடனே எடுத்தேன்.

“குமரேசன்தானே?” ஒரு பெண் குரல்.

“ஆமா. யாரு?”

“தூங்கிக்கிட்டு இருந்தீகளா?”

“இல்ல, முழிச்சுத்தான் இருக்கேன். யாருங்க?”

“பின்னாடி என்ன சத்தம்?”

“மெசினு ஓடுதுங்க. நூல் மில்லு. நீங்க யாருன்னு சொல்லுங்க மொதல்ல.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. போட்டோவில் அடக்கி வைத்திருந்த அதே சிரிப்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

“பண்ணைப்புரம் சங்கீதா பேசுறேன். ஒங்க மாமா அனுப்புன ஜாதகத்துல நம்பர் இருந்துச்சு. குடிச்சிருந்தா ஒளறுவீக, தூங்குனா எடுக்க மாட்டீக. வேலையில இருந்தா மட்டுந்தேன் ஒடனே எடுப்பீக. அதேன் இந்நேரம் பாத்துக் கூப்பிட்டேன்.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எங்க பெரியப்பா வந்து ஒங்க கொறையெல்லாம் வரிசையாச் சொன்னாக. பகல்ல தூக்கம், ராத்திரி வெளிய, விடியக்காலம் செவந்த கண்ணு, தள்ளாட்டம். வீட்டுல எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டாக. எனக்கு மட்டும் சந்தேகமா இருந்துச்சு. என்னையப் பத்தி யாராச்சும் எங்க தெருவுல கேட்டாலும் இதத்தான சொல்லுவாகன்னு தோணுச்சு.”

“நீங்க ஆஸ்பத்திரி ஆபீசுல...”

“ஆபீசாவது! ஐசியூல நர்சு. ஒரு வருசமா நைட் டூட்டி. மாப்பிள்ள வீட்டுக்காரக பயந்துருவாகன்னு எங்கம்மா மாத்திச் சொல்லிட்டாக.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து மெஷினில் நின்ற பெண் எட்டிப் பார்த்தது. சங்கீதாவும் சிரித்தாள், நோயாளிகள் முழித்துக்கொள்ளாதபடி அமுக்கமாக.

“எங்க வீட்டுல ஒங்களப் பத்தி நான் பேசிக்கிறேன். என் டூட்டிய மட்டும் ஒங்கம்மாகிட்டச் சொல்லிராதீக. அத நானே நேர்ல சொல்லணும். மறைச்சு வச்சு ஒரு வீட்டுக்குள்ள வர எனக்குப் பிடிக்கல” என்றாள். பிறகு, “வெளிய வெளிச்சம் வந்தப்புறம் வண்டி ஓட்டுறீகள்ல? கூலிங்கிளாஸ் மாட்டிக்கோங்க. வெயிலு கண்ணுல படாம வீட்டுக்குப் போனா தூக்கம் ஒடனே வரும்” என்றாள்.

மறுநாளே தேனியில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். சொன்னது உண்மை. படுத்ததும் தூங்கினேன், உப்பு வண்டி மைக்கைப் போட்டாலும் தூங்கினேன். நாய்தான் கஷ்டப்பட்டது. குல்லா, மப்ளர், கறுப்புக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து வந்த என்னைப் பார்த்து அது முதல்முறையாகப் பயந்து மதினி வீட்டுக்குள் ஓடியது.

தை

பொங்கல் கழிந்த வாரம் பண்ணைப்புரத்திலிருந்து மாமாவுக்குப் போன். வேறொரு ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டினார்களாம். இடைஞ்சல் ஒன்றும் இல்லையாம்.

நான் குடிகாரன் இல்லை, மில்லில் ராத்திரி வேலை பார்க்கிறவன் என்று அந்த வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். ஆனாலும் பெண் பார்க்கப் போகும்போது காரில், “அவுக வீட்டு ஆளுகளுக்குத் தெரிஞ்சாலும் சபையில அந்தப் பேச்ச எடுக்காதீக. சொந்தக்காரக எல்லாம் இருப்பாக” என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். நைட் வேலை என்ற பேச்சுக்கே இப்படிக் கூசுகிறவள், நைட் வேலைக்குப் போகிற மருமகளை என்ன செய்வாள்?

அங்கே கூடம் நிறையச் சனம். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, பாவம். கேசரி வந்தது, வடை வந்தது. சங்கீதா காப்பித் தட்டோடு வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கும்பிட்டு, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே லேசாகக் கறுப்பு. எனக்கும் அதே இடத்தில் அதே கறுப்பு.

அம்மா அவளை நிறைந்த மனசோடு பார்த்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், எல்லா மாமியார்களும் கேட்கிறதையே கேட்டாள்.

“காலையில எத்தன மணிக்கு ஆத்தா எந்திரிப்ப?”

“அதெல்லாம் கோழி கூப்புடறதுக்கு முன்னாடியே...” என்று சங்கீதாவின் அம்மா அவசரமாக ஆரம்பித்தார்.

“இல்ல அத்த,” என்றாள் சங்கீதா. குரல் நடுங்கவில்லை, காதில் போட்டிருந்த ஜிமிக்கிதான் நடுங்கியது. “நான் நைட் டூட்டி நர்சு. காலையில வந்துதேன் படுப்பேன். எந்திரிக்கச் சாயங்காலம் நாலு மணி ஆயிரும்.”

அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொக்கர் மாமா வடையை வாயருகே வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சங்கீதாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தாள், திரும்பி என்னுடையதைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

பிறகு அந்தச் சபை முழுக்கக் கேட்கும்படி, தொண்டையைத் திறந்து சொன்னாள்: “நல்லதாப் போச்சு ஆத்தா! எம் மகனும் முழு நைட்டுதேன். ஒங்க ரெண்டு பேருக்கும் சாயங்காலமா ஒரே காப்பியாப் போட்டுர்றேன்.”